பழமை பாராட்டுவோம்

ஏழாம் வகுப்பில் ‘பழமை விரும்பி’ என்னும் சொல்லை விளக்குவதற்காக, வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊர் சிங்கம்புணரி. பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, உழக்கு எனப் பல வந்தன. ஒரு மாணவன் பித்தளைப் பூண் போட்ட படியை மேசைமேல் வைத்து, “ஐயா, இது காரைக்குடியில் என்ன விலைக்குப் போகும்?” என்றான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை எங்கள் பகுதிப் பிள்ளைகள் அறிவார்கள். பழமை விரும்பி என்றால் பழம்பொருளை வாங்குபவர் என்றே அவன் புரிந்துகொண்டிருந்தான். குறை அவனிடம் இல்லை. என் விளக்கம் அவ்வளவில் நின்றிருந்தது.

தமிழ் இலக்கியத்தில் ‘பழமை’ பொருளை மட்டும் குறிப்பதன்று. திருக்குறளின் 81ஆம் அதிகாரம் ‘பழைமை’. அது பேசுவது நெடுநாள் நட்பையும் அதனால் வரும் உரிமையையும். பழகிய உறவை மதித்து நடப்பதையே ‘பழமை பாராட்டுதல்’ என்கிறோம். இன்னொரு சொல் ‘தொன்மை’. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளுள் அதுவும் ஒன்று. பழங்கதையைச் சொல்லும் செய்யுள் வகை அது. ஆக, ஒரு சொல்லில் உறவு இருக்கிறது. மற்றொன்றில் கதை இருக்கிறது. இரண்டிலும் விலை இல்லை.

நம் மாவட்டத்துக் கீழடியும் இதையே காட்டுகிறது. அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற ஆட்பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அந்த ஓடுகளைப் பார்க்கும்போது, பானையைவிட அந்தப் பெயருக்குரியவரே நம்மை நிறுத்துகிறார்.

மாணவனிடம், “இந்தப் படி யாருடையது என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வா” என்றேன். மறுநாள் எழுதி வந்தான்: ‘இது அப்பத்தாவின் அம்மா வைத்திருந்த படி. அக்கம்பக்கத்தாருக்கு நெல் கடன் கொடுக்கும்போது குவித்து அளப்பார்களாம். திரும்ப வாங்கும்போது தலைதட்டி அளப்பார்களாம்.’

வகுப்பு அமைதியானது. ஒருத்தி மட்டும், “அப்ப அவங்களுக்கு நட்டந்தானே ஐயா?” என்றாள். அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

அடுத்த மாதம் அந்தப் படியை விற்றுவிட்டார்கள். வீட்டுத் தேவை, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவன் எழுதிய தாள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. இப்போது எந்தப் பழம்பொருள் வந்தாலும், யாருடையது, எதற்குப் பயன்பட்டது, யார் சொன்னது என்ற மூன்றையும் மாணவர்களே எழுதிவிடுகிறார்கள். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். சொல்வதற்கு அப்பத்தாக்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.