காமாலையோடு குளிர்காய்ச்சலா? பச்சிலைக்குக் காத்திருக்காதீர்கள்!

"டாக்டரய்யா, அப்பத்தாவுக்கு மஞ்சக் காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாப் போதும்ல?"

சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து பேரன் அழைத்து வந்த பாட்டிக்கு வயது 78. கண் மஞ்சள், தூக்கிப் போடுகிற குளிர். வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே முகம் சுளித்தார். பேரனையே "யாருய்யா நீ?" என்றார். மூன்று நாளாக வீட்டில் பச்சிலையும் பத்தியமும்தான்!

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: இது பச்சிலைக்குக் கட்டுப்படுகிற காமாலை இல்லை.

ஈரலில் சுரக்கும் பித்தம் பித்தக்குழாய் வழியாகக் குடலுக்கு வர வேண்டும். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் குழாயை அடைத்தால், தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகி ரத்தத்தில் கலக்கும். மடை அடைத்துக் கிடந்தால் முதலில் அடைப்பை எடுக்க வேண்டுமா, இல்லையா? கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காய்ச்சல், காமாலை, வயிற்றுவலி மூன்றும்தான் இதன் அடையாளம் என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-ல் எழுதினார். ஆனால் முதியவர்களுக்கு மூன்றும் சேர்ந்து வராமலும் போகலாம். திடீர்க் குழப்பம், சோர்வு, சிறுநீர் குறைதல் மட்டுமே தெரியலாம்.

முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்துத்தான் ஆபரேஷன். இப்போது ஈ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோப்பி முறை இருக்கிறது. வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி, பித்தக்குழாயின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுக்கிறார்கள். ரொம்பத் தளர்ந்தவர் என்றால் முதலில் ஸ்டென்ட் வைத்துச் சீழை வடியவிட்டு, கல்லைப் பிறகு எடுப்பார்கள். 1992-ல் வெளியான ஹாங்காங் ஆய்வில், நோய் முற்றிய 82 பேரில் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள். எண்டோஸ்கோப்பியில் 10 சதவீதம்தான்.

ஆபத்தே இல்லையா? உண்டு. சிலருக்குக் கணைய அழற்சியோ ரத்தக்கசிவோ வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை டாக்டர் சொன்ன தேதியில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மறந்தால் மறுபடி அடைக்கும்.

வீட்டில் பெரியவர்களுக்கு இந்த அறிகுறி தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் சலைனும் ஆன்டிபயாடிக்கும் உடனே ஆரம்பிப்பார்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து மதுரை. கையில் கட்டு, சூடு போடுவது எதுவும் வேண்டாம்.

பாட்டியை அன்றே மதுரைக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் என் கிளினிக் வாசலில் நின்று பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அது போதும்!