வாலை அவர்கள் ஒட்டட்டும்

பிள்ளைக்கு ஐந்து வயது முடியப்போகிறது, பிறந்தநாளை 'அனிமல் தீம்' வைத்துச் செய்யலாமென்று இருக்கிறோம், கடையில் வாங்காமல் எல்லாவற்றையும் கையாலேயே செய்ய ஆசை, எங்கே தொடங்குவது? இப்படிக் கேட்டு வரும் இளம் அம்மா அப்பாக்களை முதலில் உட்காரவைத்து ஒரு டீ கொடுத்துவிடுவேன். அவர்கள் கையில் இருக்கும் போனில் படங்கள் நிறைந்திருக்கும். பலூனால் ஆன ஒட்டகச்சிவிங்கி, சுவரெல்லாம் காடு, மூன்றடுக்கு கேக்கின் மேல் சிங்கம். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் படங்களில் குழந்தைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் ஓரமாக நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். எதையும் முழுசாகச் செய்து முடித்துவிடாதீர்கள். யானையைச் செய்யுங்கள், வாலை விட்டுவிடுங்கள். முகமூடியை வெட்டுங்கள், மீசையை விட்டுவிடுங்கள். வருகிற குழந்தை அதை முடிக்கட்டும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. அழைப்பில் நாலு மணி என்று போடுவீர்கள். நம் ஊரில் நாலு மணி என்றால் முதல் குழந்தை நாலேகாலுக்கு வரும், கடைசிக் குழந்தை ஐந்தைத் தாண்டி வரும். இடையில் வந்தவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எல்லா வீட்டிலும் திண்டாட்டம். ஆளுக்கொரு சோபாவில் ஏறிக் குதிப்பார்கள். கூடத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, பாதி செய்த பொருள்களைப் பரப்பி வைத்துவிட்டால், வந்த குழந்தை செருப்பைக் கழற்றிய கையோடு அதில் உட்கார்ந்துவிடும். தாமதமாக வந்ததற்காக யாரும் எதையும் இழக்கவும் மாட்டார்கள்.

வேலையைப் பிரிப்பதும் சுலபம். கூர்மையான வெட்டு, சூடு படும் வேலை, நாள்கணக்கில் காயவேண்டியது மூன்றும் பெரியவர்களுடையவை. கண், காது, மூக்கு, கோடு, புள்ளி, வால் குழந்தைகளுடையவை.

அடுத்து, எந்தெந்த விலங்குகள்? கடைகளில் தொங்கும் 'ஜங்கிள் தீம்' பேனரில் சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி மூன்றும் கட்டாயம் இருக்கும். பின்னால் உள்ள இரண்டும் ஆப்பிரிக்காவில் வாழ்பவை. சிங்கம் நம் நாட்டில் குஜராத்தின் கிர் பகுதியில்தான். பேனரில் இருக்கும் யானையைக்கூடக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காது தோள்பட்டையை மூடுகிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது ஆப்பிரிக்க யானை. நம் யானையின் காது சின்னது, நெற்றிக்கு மேல் இரண்டு மேடு தெரியும். அந்த மூன்றையும் விலக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, குழந்தை சிங்கம் கேட்டால் சிங்கம்தான். ஆனால் கூடவே நம் காட்டிலிருந்தும் இரண்டு பேரை அழைக்கலாமே.

எனக்குப் பிடித்த இரண்டு: வரையாடும் தேவாங்கும். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பாறைகளில் வாழ்வது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் 1,031 இருந்தன. பின்னோக்கி வளைந்த கொம்புதான் அதன் அடையாளம், செய்தித்தாளைச் சுருட்டி வளைத்தால் கொம்பு தயார். தேவாங்குக்காக 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் நாட்டிலேயே முதல் சரணாலயம் அமைந்தது. ஒல்லிக் கை கால், முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்கள். அந்த முகத்தை வரையத் தெரியாத குழந்தையே கிடையாது. இரண்டு பெரிய வட்டம் போட்டால் போதும்.

தேவாங்கு முகமூடிக்கு நம்மிடம் பொருத்தமான பொருள் ஒன்று இருக்கிறது: பாக்குமட்டைத் தட்டு. நிறம் அப்படியே விலங்குத் தோல். குரங்கு, கரடி, மான், தேவாங்கு எதற்கும் வண்ணம் அடிக்கவே வேண்டாம். மட்டையில் இயற்கையாக ஓடும் வரிகளே முடி மாதிரி தெரியும். ஆனால் உலர்ந்த தட்டில் கத்தரிக்கோல் வைத்தால் வரியோடு வரியாகப் பிளந்துகொண்டு போகும். அதனால் முதலில் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மட்டை இளகித் தோல்போல ஆனதும் வெட்டினால் வளைவுகூடச் சுத்தமாக வரும். வெட்டியதை அப்படியே காயவைத்தால் கோணிக்கொள்ளும். ஊறாத இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியோ தடித்த புத்தகமோ ஏற்றி, இரண்டு நாள் விடுங்கள். எலாஸ்டிக் கோக்கும் ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே கோணி ஊசியால் போட்டுவிடுவது நல்லது.

முழு முகத்தையும் மூடாதீர்கள். மூக்கு வரைக்கும் வருகிற அரை முகமூடி போதும். குழந்தை வியர்க்காமல் மூச்சு விடும், கேக்கும் தின்னும். மூன்று, மூன்றரை வயதுப் பொடிசுகள் பல பேருக்கு முகத்தை மூடினாலே பயம். அம்மா முகமூடி போட்டால் அதைவிடப் பயம். அவர்களுக்குக் காதுகள் மட்டும் ஒட்டிய தலைப்பட்டை செய்யுங்கள். ஐந்து வயதுத் தலையின் சுற்றளவு அரை மீட்டருக்குப் பக்கத்தில் வரும். பட்டையைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, பின்பக்கம் எலாஸ்டிக் கொடுத்துவிட்டால் எல்லாத் தலைக்கும் சேரும்.

ஒட்ட என்ன? ஃபெவிகால் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் அள்ளி அள்ளிப் பூசும்போது மைதாப் பசைதான் கைகொடுக்கும். ஒரு கப் மைதாவுக்கு நாலைந்து கப் தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு பிறகு அடுப்பில் வையுங்கள். சிறு தீயில் கை விடாமல் கிண்டினால், வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடிபோல் ஆகும் ஒரு கட்டம் வரும், அப்போது இறக்கிவிடலாம். இரண்டு நாளில் புளித்துவிடும், ஆகவே முந்தின நாள் இரவு காய்ச்சினால் போதும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க இந்தப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். யாராவது அனுபவசாலி 'ஒரு சிட்டிகை போடு, கெடாது' என்று யோசனை சொன்னால் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுங்கள்.

அலங்காரத்தில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு, தெர்மோகோல் கப், உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில் அலங்காரத் தெர்மோகோலும், பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கடையில் இன்னும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கத்தான் செய்கிறது. பலூனே கொஞ்சமாக இருக்கட்டும், உடைந்த பலூன் துண்டு சிறு குழந்தையின் தொண்டைக்குள் போனால் மூச்சை அடைத்துவிடும்.

பலூனுக்குப் பதில் தோரணம் கட்டலாம். தென்னங்குருத்தில் குருவி மடிக்கத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ குடும்பத்தில் யாராவது நிச்சயம் இருப்பார்கள். அன்றைக்கு அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. கிளி, வெட்டுக்கிளி, பாம்பு என்று அவர்கள் மடிக்க மடிக்கப் பிள்ளைகள் போனை மறந்து வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். ஒரு சங்கதி மட்டும் மறக்கவேண்டாம். மங்கலத் தோரணத்துக்கு நாலு குருவித்தலை, துக்க வீட்டுத் தோரணத்துக்கு மூன்று என்பது பழைய வழக்கம். ஆர்வத்தில் மூன்று தலையோடு வாசலில் கட்டிவிட்டால், பெரியவர்கள் ஆசீர்வாதத்துக்கு முன்னால் அர்ச்சனை செய்துவிடுவார்கள்.

நாள் இருந்தால் காகிதக்கூழில் ஆமை செய்து பாருங்கள். முறத்தையும் கூடையையும் வெந்தயமும் காகிதமும் அரைத்து மெழுகும் பழக்கம் நம் கிராமங்களில் உண்டு, அதே கைப்பக்குவம்தான். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். தனியாக ஊறிய வெந்தயம் ஒரு கைப்பிடி. இரண்டையும் சேர்த்து மையாக அரையுங்கள். வெந்தயத்தின் வழவழப்பே பசை, பூச்சியும் அண்டாது. கிண்ணத்தைக் கவிழ்த்து, முதுகில் எண்ணெய் தடவி, கூழை விரற்கடை கனத்துக்குக் குறைவாக அப்பி வெயிலில் வையுங்கள். நல்ல வெயிலென்றாலும் மூன்று நாலு நாள் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த பிள்ளை என்றால் இதைத் தொடவேண்டாம், காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்து கழன்று வந்தால் ஆமை ஓடு. தலையையும் நாலு காலையும் அட்டையில் வெட்டி வைத்துவிட்டு, ஓட்டின் கட்டங்களைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மறுநாள் பார்த்தால் ஒன்று ஊதாவிலும் ஒன்று மூவண்ணக் கொடி நிறத்திலும் இருக்கும். திருத்தக் கூடாது.

குதிரைக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி. மேல்மூடி, அடிமூடி இரண்டையும் எடுத்துவிட்டு, குழந்தையை நடுவில் நிறுத்தி, இரண்டு துணிப்பட்டையால் தோளில் மாட்டவேண்டும். பட்டை முதுகில் பெருக்கல் குறிபோலக் குறுக்காகப் போகட்டும், நேராகக் கட்டினால் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். எடுத்த மூடியில் கழுத்தும் தலையும் வெட்டி முன்னால் ஒட்டுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் குதிரைக் கூட்டை இடுப்பில் நிறுத்துவதும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குத்தான். அவர்கள் மரக்காலில் ஏறி நின்று ஆடுவார்கள், நமக்குத் தரையே போதும். வாலுக்குச் சணல் கட்டு ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள்.

உயிருள்ள விலங்கைக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முயல், கிளி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறதாம். வேண்டவே வேண்டாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முயலோ பன்னிரண்டு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருக்கும். விலங்கைப் பார்க்கத்தான் ஆசையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குக் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டில் ரொம்ப மெனக்கெடாதீர்கள். மினி இட்லிக்கு இரண்டு மிளகு பதித்தால் கண், கேரட் சீவல் காது. அதற்கு மேல் செய்தால் பரிமாறுவதற்குள் ஆறிப்போகும்.

விளையாட்டுக்கு வெளியிலிருந்து எதுவும் தேடவேண்டியதில்லை. சின்னவர்களுக்கு வட்டமாகக் கைகோத்து நின்று, உள்ளே ஆடு, வெளியே புலி. எட்டு வயதுக்கு மேல் இருப்பவர்களுக்கு மொட்டை மாடியில் கோலமாவால் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, அவர்களையே காய்களாக நிறுத்துங்கள். மொத்தம் 23 புள்ளி, புலி மூன்று, ஆடு பதினைந்து. பிள்ளைகள் போதாவிட்டால் அப்பாக்களை ஆடாக நிறுத்தலாம். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கவேண்டும், எல்லா ஆடும் இறங்கிய பிறகுதான் நகரலாம். புலி ஆட்டைத் தாண்டினால் அந்த ஆடு அவுட், புலிக்கு நகர இடமில்லாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. 'அங்கே போகாதே, அடுத்து உன்னைத் தாண்டிவிடும்' என்று ஆடுகளே ஒன்றுக்கொன்று கத்த ஆரம்பித்தால் ஆட்டம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

திரும்பிப் போகும்போது கொடுக்கும் பரிசுக்கு மஞ்சப்பை போதும். அரசே 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கிய பிறகு அதைக் கொடுக்க யாரும் கூச்சப்படவேண்டியதில்லை. ஃபேப்ரிக் கலரில் சாம்பல் நிறத்தை ஒரு தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். குழந்தையின் உள்ளங்கையை அதில் ஒற்றி, விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பையில் பதியுங்கள். நாலு விரலும் கால், பக்கவாட்டில் விரிந்த கட்டைவிரல் தும்பிக்கை. யானை வந்துவிட்டது. கண்ணும் காதும் வாலும் குழந்தை வரையும். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டி அச்சு வைத்தால் வளையம் வளையமாக விழும், அது ஆமை ஓடு. அச்சு வைக்குமுன் பைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் மறுபக்கத்துக்கும் ஊறிவிடும். ஒவ்வொரு பையிலும் பெயரை முன்கூட்டியே எழுதிவையுங்கள், எல்லா யானையும் ஒரே மாதிரி இருக்கும், சண்டை வரும். ஒரு நாள் காய்ந்தபின் உள்பக்கத்தைத் திருப்பி இஸ்திரி போட்டால்தான் சாயம் நிற்கும் என்பதையும் அம்மாக்களிடம் சொல்லி அனுப்புங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்தச் சாயம் கையில் ஒட்டாத அளவுக்காவது உலரவேண்டும். அதனால் குழந்தைகள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை பை, முகமூடியெல்லாம் அதற்குப் பிறகு.