செவியால் படிப்போருக்கான ஆவணங்கள்

விழிப்புலனற்ற ஒருவர் கணினியில் எவ்வாறு படிக்கிறார் என்பதைப் பலர் அறியார். அருகில் ஒருவர் இருந்து வாசித்துச் சொல்ல வேண்டும் என்றே அவர்கள் எண்ணுவர். உண்மையில் அவர் தாமாகவே படிக்கிறார், செவியால் படிக்கிறார். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் ஆவணத்திலுள்ள எழுத்துக்களை எடுத்து ஒலியாக்கி உரைக்கும். அம்பு விசையை அழுத்தினால் அடுத்த வரி. வேறொரு விசையை அழுத்தினால் அடுத்த சொல். இவ்வாறு விசைப்பலகையின் துணையோடு ஒரு நூல் முழுவதையும் படித்து முடிப்போர் உண்டு. இத்தகைய மென்பொருள் ஒரு காலத்தில் பெரும் பொருள் கொடுத்தே பெறக்கூடியதாயிருந்தது. 2006ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில், தாமே விழிப்புலனற்றவரான மைக்கேல் கரன் என்னும் இளைஞர் தொடங்கி, அவரைப் போன்றே விழிப்புலனற்றவரான ஜேம்ஸ் தேயுடன் இணைந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. அதனோடு இணைந்து வரும் ஒலிப்பான் தமிழையும் பேசும். குரலில் இனிமை இல்லை. ஆயினும் பழகிய செவிக்கு அது போதும்.

கருவி இருக்கிறது, படிக்கும் ஆற்றலும் இருக்கிறது. அவ்வாறாயின் தடை எங்கே? ஆவணத்திலேதான் இருக்கிறது.

திரைவாசிப்பானுக்குக் கண் இல்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். எழுத்தின் வடிவத்தை அது காண்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியினுள்ளே ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தையே அது படிக்கின்றது. ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறையில் 2949 என்னும் இலக்கம் தமிழ் அகரத்துக்கு மட்டுமே உரியது. உலகில் வேறெந்த எழுத்துக்கும் அது உரியதன்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு அம்முறையில் இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் இலங்கையிலே தமிழில் தட்டச்சுச் செய்வோரிற் பலர் பழகியது பாமினி என்னும் எழுத்துருவில். அது செய்தது ஒரு தந்திரம். ஆங்கில எழுத்துக்களின் இலக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேலே தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டது. ‘அம்மா’ என்று பாமினியில் அடித்தால் திரையில் அம்மா என்றே தோன்றும். தாளிலும் அவ்வாறே அச்சாகும். கணினியினுள்ளே பதிவாகியிருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் இவற்றையே உரைக்கும். ஒரு பக்கம் முழுவதும் இவ்வாறு செவியில் விழுந்தால் எவ்வாறு இருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இதனை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட இயலாது. பட்டம் பெற்றுப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் கடமையாற்றும் விழிப்புலனற்றோர் நம் நாட்டில் உளர். ஆசிரியர் இடமாற்றம் பற்றிய சுற்றுநிருபம் ஒன்று வருகிறது என்று கொள்வோம். விண்ணப்பத்தின் இறுதித் திகதி அதிலே உள்ளது. ஏனைய ஆசிரியர் ஒரு நிமிடத்தில் படித்து அறிவதை, அவர் இன்னொருவரைத் தேடிச் சென்று, அவருக்கு ஓய்வு கிடைக்கும் வரை காத்திருந்து, கேட்டறிய வேண்டியிருக்கின்றது. வந்தது சுற்றுநிருபமாயின் காத்திருப்பு மட்டுமே துன்பம். மருத்துவ அறிக்கையோ, ஒழுக்காற்று விசாரணைக் கடிதமோ, வங்கிக் கணக்கு விவரமோ ஆயின், தம் அந்தரங்கத்தைப் பிறர் வாயாலேயே கேட்க நேர்கின்றது. படித்த ஒருவருக்கு இதனைவிட வேதனை தருவது வேறில்லை.

பாமினியின் குறை இலக்கத்தோடு நின்றுவிடவில்லை. எழுத்தின் வரிசையிலும் உள்ளது. ‘கொ’ என்னும் எழுத்தைக் கண் காணும் ஒழுங்கிலேயே அது பதிகின்றது: முதலிற் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர் கால். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முந்தியும் உயிரொலி பிந்தியும் வரும் என்பது இலக்கணம் கற்ற மாணவர் அறிந்ததே. விரலால் தடவிப் படிக்கும் தமிழ்ப் பிரெயிலிலும் ககரப் புள்ளிகளின் பின்னரே ஒகரப் புள்ளிகள் வருகின்றன. கண்ணுக்கென அமைந்த முறை வடிவத்தைப் பின்பற்றியது; விரலுக்கும் செவிக்கும் உதவும் முறைகள் ஒலியைப் பின்பற்றின. பிரெயிலுக்கு மாற்றும் பொறிகளும் ஒருங்குறி ஆவணத்தையே வேண்டுவதால், அவ்வாறு அமைந்த ஒரே ஆவணம் செவிக்கும் பயன்படும், விரலுக்கும் பயன்படும்.

புதிய முறைக்கு மாறினால் விரற்பழக்கம் கெட்டுவிடும் என்று எழுதுவினைஞர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது. பாமினியில் பழகிய விசைகளையே அழுத்தி ஒருங்குறியில் எழுதும் மென்பொருள்கள் உள்ளன. பழைய ஆவணங்களை மாற்றித் தரும் கருவிகளும் உள்ளன. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆவணத்தின் இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருப்பின், அவையும் பொருளற்ற தமிழாக மாறிவிடக்கூடும். மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்தல் வேண்டும்.

இனி, அலுவலகங்களில் வேரூன்றிய வேறொரு வழக்கம். கடிதம் கணினியிலே தட்டச்சாகின்றது. பின் தாளில் அச்சாகிக் கையொப்பமும் முத்திரையும் பெறுகின்றது. அந்தத் தாளைப் படம் பிடித்து மீண்டும் கணினிக்கே அனுப்புகின்றனர். முதலிற் செவ்வனே எழுத்தாக இருந்தது, ஊர் சுற்றி வந்து வெறும் படமாகிவிடுகின்றது! படத்திலே திரைவாசிப்பான் படிப்பதற்கு எதுவும் இல்லை. வெற்றுப் பக்கம் என்றே அது சொல்லும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் முறை தமிழுக்கும் உண்டு. பழைய நூல்களுக்கு அதுவே வழி. ஆயினும் ரகரத்தையும் காலையும் அது மயங்கும், புள்ளியை விழுங்கும், தேய்ந்த அச்சில் மூன்றை எட்டாக்கவும் கூடும். இறுதித் திகதியில் அவ்வாறு நேர்ந்தால் என்னாகும்? கையொப்பமிட்ட படத்தோடு, முதலில் எழுதிய கோப்பையும் சேர்த்து அனுப்பினால் இத்தொல்லை எதுவும் இல்லை.

ஒருங்குறியில் எழுதியதையும் பி.டி.எவ். கோப்பாக மாற்றுகையில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில வேளை இடம் மாறிச் சொற்கள் சிதைவதுண்டு. ஆதலின் தமிழைப் பொறுத்தவரை, மூலக் கோப்பையும் உடன் வழங்குவதே பாதுகாப்பு.

எழுத்து சரியாகிவிட்டால் அடுத்தது அமைப்பு. நாற்பது பக்க அறிக்கையில் வேண்டிய பகுதியைக் கண் ஒரு நொடியில் தேடிப் பிடிக்கும். பெரிய தடித்த எழுத்தே தலைப்பு என்று அது அறியும். செவிக்கு அந்த அடையாளம் கிட்டாது. எழுத்தைப் பெரிதாக்குவதோடு நின்றுவிடாமல், சொற்செயலியில் உள்ள ‘தலைப்பு’ என்னும் பாணியைத் தெரிந்து இட்டால், படிப்பவர் ஒரு விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். அட்டவணையும் அவ்வாறே. இடைவெளி விசையை அழுத்தி அழுத்தி அடுக்கிய புள்ளிப் பட்டியலில் எந்தப் புள்ளி எந்த மாணவருக்கு உரியது என்பது செவிக்கு விளங்காது. முறையான அட்டவணையாக, தலைவரிசை குறித்து அமைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய பாடப் பெயரையும் மென்பொருள் சொல்லும். படங்களுக்குச் சிறு விளக்கம் எழுதல் வேண்டும். ‘வரைபடம்’ என்று எழுதுவது விளக்கமன்று. அந்த வரைபடம் எதனைக் காட்டுகின்றது என்பதே விளக்கம். அழகுக்காக இட்ட கோலத்துக்கும் பூவுக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவலைப் பிறரோடு சமமாகப் பெறும் உரிமையும் அதில் அடங்கும். ஆயினும் அந்த உரிமை நாள்தோறும் நிறைவேறுவதோ தவறுவதோ தட்டச்சு மேசையிலேதான்.

தாம் ஆக்கிய ஆவணம் செவிக்கு எட்டுமா என்பதைச் சோதிப்பது எளிது. அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்து, எழுத்துரு ஒட்டாத வெற்று எழுத்தாக மின்னஞ்சலில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழ் தமிழாகவே நின்றால் எழுத்து சரி. ஆங்கிலக் குறிகளாக மாறினால் அது பாமினி. பிரதி செய்யவே இயலாவிடின் அது பெரும்பாலும் படம். இன்னும் ஐயம் இருப்பின், திரைவாசிப்பானை இயக்கி, திரையை அணைத்துவிட்டு, இறுதித் திகதி எது என்பதை மட்டும் செவியாலே கண்டறிய முயன்று பார்க்கலாம்.