கிளினிக் கரைக்கு வரட்டும்

இலங்கையில் ஒரு பெண் கர்ப்பமானால் சுகாதாரத் துறை அவளைத் தேடிப் போகிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து பெயர் பதிகிறார். அவர் கொடுக்கும் அட்டை கிளினிக் முதல் பிரசவ விடுதி வரை அவளோடு போகிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை வளர்ந்து தந்த பலன் இது. ஆனால், அதே வீட்டில் சீனி வருத்தத்தோடும் பிரஷரோடும் இருக்கும் தகப்பனுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கவே 2018இல் அரசு புதிய சுகாதாரக் கொள்கையை வகுத்தது. அதன்படி பெரிய வைத்தியசாலை ஒன்றும் அதைச் சூழ்ந்த சிறு வைத்திய நிலையங்களும் ஒரே கொத்தணியாக இயங்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அருகிலேயே ஒரு நிலையம் பொறுப்பேற்க வேண்டும். ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதலே இத்தகைய நோய்களுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்து வருகின்றன. ஆனால் நாடெங்கும் அங்கே வருவோரில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆண்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாக் கரையில் விடை உண்டு. இரவில் வள்ளம் ஏறியவர் விடிந்தபின் மீனை விற்று, வலையைச் சீர்செய்து, கண்ணயரும் நேரமே கிளினிக் நேரம். கூலிக்குப் போகிறவருக்கோ வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போய்விடும். 1978 சூறாவளி, நீண்ட போர், 2004 சுனாமி ஆகியவற்றைக் கண்ட கரை இது. இங்கே உடல் நோவு என்று வருகிறவரிடம் மனத்தின் பாரத்தையும் கேட்கத்தான் வேண்டும். சுனாமிக்குப் பின் மட்டக்களப்பில் உளநலச் சேவை வைத்தியசாலைக்கு வெளியே ஊர்களுக்குள் விரிந்தது. அந்த அனுபவம் நம் கையில் இருக்கிறது.

நிர்வாகமோ பிரிந்து கிடக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். கிராமத்துச் சிறு வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். சுதேச மருத்துவத்துக்குத் தனித் திணைக்களம். அடுத்தடுத்து இருக்கும் வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் வெவ்வேறு சுகாதார வைத்திய அதிகாரிகள். ஒரு சுற்றுநிருபம் இவர்களுக்குக் கடமைகளைப் பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால், ஒருவர் அனுப்பிய நோயாளியை மற்றவர் பொறுப்போடு ஏற்பதும், பார்த்த விவரத்தைத் திருப்பி அறிவிப்பதும் பழகிப் பழகி வளரும் நம்பிக்கையால்தான் நடக்கும்.

ஆகவே சுகாதாரப் பணிமனைகளிடம் ஒரு வேண்டுகோள். கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் பொறுப்பாளர்களை ஒரே மேசையில் அமர்த்துங்கள். கிளினிக் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலேயே முதல் கிளினிக்கை நடத்துங்கள். தாய்மாருக்கு நம் நாடு செய்து காட்டியதைத் தகப்பன்மாருக்கும் செய்ய முடியும்.