பால்வெட்டுக்காரர்களின் கனவுத் தூக்கம்

இருட்டில் தொடங்கும் வேலை

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கோழி கூவுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் மரம் மரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறினால் பாலோட்டம் தளர்ந்துவிடும். தோவாளைப் பூச்சந்தையும் இருட்டிலேயே களைகட்டிவிடும். இவர்களுக்கெல்லாம் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம் குறைகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். குறைவது எந்த நேரத்துத் தூக்கம் என்பதுதான் என் கவலை.

கனவு வரும் வேளை

தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கண்ணயர்ந்து சுமார் 90 நிமிடத்தில் இக்கட்டம் முதலில் வரும். சில நிமிடங்களில் கலையும். விடியலை நெருங்க நெருங்க நீளும். இரண்டரை மணிக்கு எழுகிறவர் இழப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மூளைக்குள் நடப்பது

கனவுத் தூக்கத்தின்போது மூளைத்தண்டில் செரட்டோனின், நார்அட்ரினலின் சுரக்கும் செல்கள் அடங்கிவிடும், அசிட்டைல்கோலின் பெருகும். இந்த வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் எம்1, எம்3 என்னும் இரண்டும் இன்றியமையாதவை. ஜப்பானில் ஹிரோகி உவேடா குழுவினர் 2018இல் இவ்விரண்டுக்குமான மரபணுக்களை எலிகளிடம் நீக்கிப் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் நீக்கியபோது தூக்கம் குறைந்தது. இரண்டையும் நீக்கியபோது கனவுத் தூக்கம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. எலிகள் உயிரோடுதான் இருந்தன.

மருந்துக்கடை மாத்திரை

சீக்கிரம் தூங்கவேண்டுமென்று சளி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. மயக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரைகள் பலவும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளையே அடைக்கின்றன. தூக்கம் வரும், கனவுக் கட்டம் குறையும். மதுவும் முன்னிரவில் அதையே செய்கிறது. இரண்டுமே வேண்டாம். எட்டு மணிக்கே படுக்கும் பழக்கத்தை வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து காப்பாற்றிக் கொடுங்கள். வெட்டு இல்லாத நாளில் மூளை விட்டுப்போன கனவுத் தூக்கத்தில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டப் பார்க்கும். அன்று அவர்களை எழுப்பாதீர்கள்.

கனவில் கை ஓங்கினால்

கனவு ஓடும்போது கிளைசின், காபா என்னும் பொருள்கள் தசைகளை அசையாமல் கட்டிவைக்கின்றன. அந்தக் கட்டுத் தளர்ந்தால் கனவில் அடிப்பவர் நிஜமாகவே அடிப்பார், உதைப்பார், கத்துவார். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இது அடிக்கடி நேர்ந்தால் மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். நடுக்குவாத நோய்க்குப் பல ஆண்டுகள் முந்தியே தோன்றும் அறிகுறியாக அது இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, இரவில் நடந்ததைப் பக்கத்தில் படுத்திருந்தவரே சொல்வது நல்லது. தூங்கியவருக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்காது.