மணலில் புதையும் சக்கரமும் ஒரு மேற்படிப்பும்

பெசன்ட் நகர் கடற்கரையில் சக்கர நாற்காலியை மணலில் இறக்கிப் பாருங்கள். நாலடிகூடப் போகாது. முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவரின் எடை குறுகிய இடத்தில் இறங்குவதால் மணல் தாங்குவதில்லை. சக்கரம் எவ்வளவு அகலம் வேண்டும், உருட்டுகிறவரின் தோள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவதும் உயிர்மருத்துவப் பொறியியல்தான் (உடலுக்கும் சிகிச்சைக்கும் வேண்டிய கருவிகளை உருவாக்கும் படிப்பு).

டாக்டர் படிப்பா? இல்லை. இதைப் படித்து மருந்து எழுத முடியாது. அப்படியானால் மெஷின் ரிப்பேரா? அது ஒரு பகுதி மட்டும், புதுக் கருவி உருவாக்குவதும் உண்டு. அடையாறு தாண்டியதும் வரும் ஐ.ஐ.டி. மெட்ராஸில், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு 2019இல் ‘அரைஸ்’ என்ற நாற்காலியை வெளியிட்டது. அப்போது விலை சுமார் 15,000 ரூபாய். அதில் இருப்பவர் பிறர் கைகொடுக்காமலே எழுந்து நிற்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும், எலும்பு தேயும். அதனால் நிற்பது அவருக்கு மருந்து மாதிரி.

‘நான் மெக்கானிக்கல் ஆயிற்றே, இந்த மேற்படிப்பில் சேரலாமா?’ சேரலாம். அந்தப் பேராசிரியரே மெக்கானிக்கல் துறைக்காரர்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. கேட் தேர்வில் (முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) இந்தப் பாடத்துக்கு 2020 முதல் தனித் தாள் இருக்கிறது. எந்தத் தாளை ஏற்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதன் வழியாக எம்.டெக். உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். அண்ணா பல்கலையில் சேர ‘சீட்டா’ என்ற நுழைவுத் தேர்வும் உண்டு.

எங்கே படிப்பது? மருத்துவமனைக்குள் உங்களை நிறுத்திவைக்கும் இடத்தில்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய எம்.டெக். (மருத்துவமனைப் பொறியியல்) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்ரீசித்திரா உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டாக்டரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் இருந்ததால் நடந்த காரியம் அது.

வேலை? மருத்துவமனையின் கருவிப் பிரிவு, கருவித் தயாரிப்பு நிறுவனம், ஆராய்ச்சி. 2018இல் மருத்துவக் கருவி விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு சோதனை, உரிமம் சார்ந்த வேலைகளுக்கும் இப்படிப் படித்தவர்கள் வேண்டியிருக்கிறார்கள்.

சேருமுன் கல்லூரியில் ஒன்று கேளுங்கள்: மாணவர்கள் வார்டில் எத்தனை மாதம் இருப்பார்கள்? ‘ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுவோம்’ என்றால், வேறு கல்லூரி பாருங்கள்.