கியர்பாக்ஸ் போகலை, ஆயில்தான் போகுது: மணிமுத்தாறில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பென்ஸ்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

வாரம் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து பக் தேடுறது என் வேலை. போன லீவுக்கு மணிமுத்தாறு போனப்போ, ஒரு காருக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு அதே வேலையைத்தான் பார்த்தேன்.

கார் எங்க பெரியப்பாவோடது. மெர்சிடிஸ் பென்ஸ் 230ஈ, டபிள்யூ 123 மாடல். 1976 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் வண்டிகள் தயாரான குடும்பம் இது. சிங்கப்பூர் வேலையை முடிச்சுட்டு ஊர் திரும்பும்போது பெரியப்பா கூடவே கொண்டு வந்தது. நாலு கியர் ஆட்டோமேட்டிக்.

அணைப் பக்கத்துல இருந்து அருவிக்குப் போற ஏற்றத்துல அன்னைக்கு பிரச்சனை தெரிஞ்சுது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி நகரல. பின்னாடி பஸ், ஒரு பக்கம் பள்ளம். மெதுவா ரிவர்ஸ்ல இறக்கி ஓரம் கட்டினோம். ஏற்கெனவே ஒரு மெக்கானிக் "கியர்பாக்ஸ் போச்சு, பேசாம பார்ட்ஸா வித்துருங்க"ன்னு சொல்லியிருந்தார். பெரியப்பாவும் பாதி மனசோட சம்மதிச்சுட்டாரு.

அம்பாசிடர் பழக்கம்

"அம்பாசிடர் காலத்துல இருந்து பாக்கேன்டே, ஆயில் ஒழுகாத கார் எங்க இருக்கு?"ன்னார் பெரியப்பா. அதுதான் இங்க வம்பு. 2014 வரைக்கும் உற்பத்தியில இருந்த அம்பாசிடர்ல பெரும்பாலும் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதுல ஆயிலோட வேலை பல்சக்கரங்கள் தேயாம பார்த்துக்கிறது. கொஞ்சம் குறைஞ்சா சத்தம் வரும், ஆனா வண்டி ஓடும்.

ஆட்டோமேட்டிக்ல அப்படி இல்ல. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் ஆயிலைச் சுழற்றித்தான் விசையைக் கடத்துது. உள்ளே இருக்கிற கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிக்கிறதும் ஆயில் அழுத்தம்தான். சூட்டைக் கடத்தி ரேடியேட்டருக்குக் கொண்டு போறதும் அதேதான். அளவு குறைஞ்சா பம்ப் காத்தை இழுக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். வழுக்கினா எரியும். அப்படியே ஓட்டிக்கிட்டே இருந்தா, சின்ன லீக் நிஜமாவே கியர்பாக்ஸை முடிச்சுடும்.

அளவு பார்க்கிறதுலயே தப்பு

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா ஆயில் நிறைய இருந்துச்சு. எல்லாரும் ஏமாந்தது இங்கதான். இன்ஜின் ஆயிலை இன்ஜினை அணைச்சுட்டுப் பார்ப்போம். இந்த ஆட்டோமேட்டிக் ஆயிலை இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது, சமதளத்துல, லீவர் பார்க்ல வச்சுத்தான் பார்க்கணும். அணைச்ச வண்டியில ஆயில் கீழே இறங்கி மட்டம் கூடுதலா காட்டும். ஆயில் நல்லா சூடாகி, சுமார் 80 டிகிரியில, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். அந்த ரெண்டு கோட்டுக்கும் இடைவெளி சுமார் 0.3 லிட்டர்தான். அதனால மொத்தமா ஊத்தாதீங்க. அதிகமானா நுரைச்சு, அதுவும் கெடுதல்.

இன்னொண்ணு: பனியன் துணியால டிப்ஸ்டிக்கைத் துடைக்காதீங்க. உள்ளே போற நூல் வால்வை அடைக்கும். நூல் உதிராத துணிதான் வேணும்.

சரியான முறையில பார்த்தப்போ ஸ்டிக்கோட நுனியில மட்டும்தான் ஈரம்.

லீக்கைத் தேடுறது எப்படி?

முதல்ல நிறம். ஆட்டோமேட்டிக் ஆயில் சிவப்பு. இன்ஜின் ஆயில் பழுப்பு அல்லது கறுப்பு. ரெண்டாவது, சொட்டுற இடத்தை நம்பாதீங்க. ஆயில் கீழே வழியும், ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளும். சாஃப்ட்வேர்ல கடைசி எரர் லைனை மட்டும் பார்த்தா காரணம் கிடைக்காது, மேலே போய்ப் பார்க்கணும் இல்லையா? இங்கயும் அதேதான். ஈரம் இருக்கிற *உயரமான* இடம் எதுன்னு பாருங்க.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கியர்பாக்ஸை நல்லா கழுவித் துடைச்சோம். ஆயில் ஊத்தி, சமவெளி ரோட்டுல கல்லிடைக்குறிச்சி வரைக்கும் போயிட்டு வந்து திரும்பப் பார்த்தோம். எல்லாரும் குத்தம் சொன்ன பான் கேஸ்கெட் விளிம்பு காய்ஞ்சு இருந்துச்சு. அதுக்கு மேலே, கிக்டவுன் சோலினாய்டு பக்கத்துல புது சிவப்புக் கோடு.

ஆக்ஸிலரேட்டரை முழுசா அமுக்கினா கீழ் கியருக்கு மாத்துற சின்ன மின் வால்வு அது. அதோட ரப்பர் ஓ-ரிங் கல்லு மாதிரி இறுகி இருந்துச்சு. 40 வருஷ ரப்பர், வேற எப்படி இருக்கும்?

உங்க வண்டியில கன்வெர்ட்டர் இருக்கிற பக்கத்துல இருந்து சிவப்பா வந்தா, முன்பக்க பம்ப் சீலா இருக்கலாம். அதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும். தரையில ஒரு சொட்டு கூட இல்லாம அளவு குறைஞ்சுதுன்னா, வேக்யூம் மாடுலேட்டரோட ரப்பர் குழாயைக் கழட்டிப் பாருங்க. உள்ளே சிவப்பு ஈரம் இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்குது, சைலன்ஸர்ல வெள்ளைப் புகையா வரும்.

சர்வீஸ்

அடியில படுத்ததோட முழு வேலையும் முடிச்சோம். பான்ல ஒரு வடிகால் போல்ட், கன்வெர்ட்டர்ல இன்னொண்ணு. கன்வெர்ட்டர் போல்ட் ஓட்டைக்கு நேரா வர வரைக்கும் இன்ஜினை கையால சுத்தணும். பானை இறக்கி ஃபில்டர், கேஸ்கெட், ஓ-ரிங் மாத்தினோம். பான் அடியில மெல்லிய சாம்பல் நிற மண்டி இருந்தா பயப்பட வேண்டாம். உலோகத் துண்டுகளும் எரிஞ்ச வாடையும் இருந்தாதான் கவலை. எங்களுக்கு அது இல்லை.

பான் போல்ட்டை வெறி வந்த மாதிரி முறுக்காதீங்க. விளிம்பு வளைஞ்சா புது கேஸ்கெட்டும் ஒழுகும். மேனுவல் சொல்ற டெக்ஸ்ரான் வகை ஆயிலை முதல்ல 4 லிட்டர் ஊத்தி, இன்ஜினை ஓடவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தோம். லீக்கை நிறுத்துறோம்னு விக்கிற மருந்து பாட்டில் வேண்டவே வேண்டாம். அது சீலை ஊதவைக்கும், காரணத்தை மறைச்சுடும்.

வடிச்ச ஆயிலை கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட கொடுத்தோம். இங்க வாய்க்கால்ல ஊத்தினா அது நேரா தாமிரபரணிக்குத்தான் போகும். அதைத்தான் நாம குடிக்கிறோம்.

மறுநாள் அதே ஏற்றம். பெரியப்பா ஓட்டுறார், நான் பக்கத்துல. முழுசா மிதிச்சார். ஒரு கணம் யோசிச்ச வண்டி, கீழ் கியருக்கு இறங்கி ஏற ஆரம்பிச்சுது. "எய்யா, இவ்வளவுதானா?"ன்னார். இவ்வளவுதான் பெரியப்பா. ஒரு ரப்பர் வளையத்துக்காக காரைப் பார்ட்ஸா வித்திருப்போம்.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் நின்னா, விக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!